எண்பது கண்ணி ரோஜா

சந்தியக்காவின் பெயர் சந்தியா இல்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு "சந்தியா மேடம்" என்று கூப்பிடுவார்கள். அவள் திரும்பிப் பார்க்காததால், பாவம் காது மந்தம் போலிருக்கிறது என்றும் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் அது சந்திப்பிழையிலிருந்து வந்த பட்டப்பெயர். 'எழுதி கொடுத்தார்' என்று யாராவது எழுதிவிட்டால், நடுவில் ஒரு 'க்' இல்லாத அந்த வாக்கியம் அவள் கண்ணுக்குப் பல் விழுந்த வாயாகத் தெரியும். சிவப்புப் பேனாவால் பல் கட்டி முடித்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு பெண்கள் வார இதழில் இருபத்திரண்டு வருஷமாக மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் அவள் அறை. தலை இடிக்கிற பக்கத்தில் பழைய இதழ்களும் இடிக்காத பக்கத்தில் அவளும் இருந்தார்கள். மேலே யார் ஏறினாலும் மேஜை விளக்கு ஆடும். விளக்கு ஆடுகிற ஆட்டத்தை வைத்தே, போவது ஆசிரியரா, விளம்பரப் பிரிவா, சம்பளம் கேட்கப் போகிறவரா என்று சொல்லிவிடுவாள்.

அவள் கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். "எங்க வீட்டுல ரெண்டு ரீடர்ங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "அவ புரூஃப் ரீடர், நான் மீட்டர் ரீடர். என்ன படிக்கிறோம்னு ரெண்டு பேருக்குமே புரிய வேண்டியதில்ல, சரியாப் படிச்சாப் போதும்."

வேடிக்கையாகச் சொன்னாலும் அது அலுவலக விதியாகவே இருந்தது. போன வருஷம் ஒரு தொடர்கதையில், பதினான்காம் வாரம் செத்துப்போன மாமனார் பதினேழாம் வாரம் உட்கார்ந்து காப்பி குடித்தார். அக்கா ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினாள். ஆசிரியருக்கு வந்ததே கோபம்! "எழுத்தை மட்டும் பார்க்கவும், கருத்தை பார்க்க வேண்டாம், கருத்துக்கு நான் இருக்கிறேன்" என்று தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் 'கருத்தை'க்குப் பக்கத்தில் ஒரு 'ப்' குறைந்தது. அக்கா அதைச் சேர்த்து, திருத்தியதற்கு அடையாளமாகச் சுருக்கொப்பமும் போட்டு, அலமாரியில் பத்திரப்படுத்தினாள். மாமனார் இருபத்தோராம் வாரம் வரை காப்பி குடித்தார்.

அந்த இதழில் நாற்பத்திரண்டாம் பக்கம் கலைமணியம்மாவுக்கு. 'கைத்திறன் கலைமணி' என்பது அந்த அம்மாளுக்கு யாரோ கொடுத்த பட்டம். யார் கொடுத்தது என்று கேட்டால் "எல்லாரும் சேர்ந்துதான்" என்பார். வாரம் ஒரு தாள் கையெழுத்துப் பிரதியும் ஒரு புகைப்படமும் அவரிடமிருந்து வரும். தேங்காய் ஓட்டில் ஆந்தை, பழைய செருப்பில் பூந்தொட்டி என்று பதினொரு வருஷமாக அவர் தொடாத பொருள் இல்லை. தொட்டதை யாரும் பார்த்ததும் இல்லை.

அப்படி ஒரு வாரம் வந்ததுதான் 'பத்தே நிமிடத்தில் கம்பளி ரோஜா'. இரண்டு பின்னல் ஊசி, ஒரு உருண்டை நூல். சட்டையிலோ பையிலோ குத்திக்கொள்ளலாம். படத்தில் சிவப்பு ரோஜா ஒன்று உள்ளங்கை அளவில் அழகாகச் சுருண்டிருந்தது. அக்கா அந்தத் தாளில் பதினெட்டுச் சந்திப்பிழைகளைத் திருத்தினாள். 'ஒரு கண்ணியை இரண்டாக பின்னவும்' என்ற வரியில் ஒரு 'ப்' சேர்த்தபோது, இப்போதுதான் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. பக்கம் அச்சுக்குப் போயிற்று.

மூன்றாம் வாரம் ஒரு கடிதம் வந்தது.

"ஐயா, நான் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவன். நாளெல்லாம் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகப் பின்னப் பழகிக்கொண்டேன். தங்கள் ரோஜாவை ஏழு முறை முயன்றேன். எண்பது கண்ணிகளில் தொடங்குவது நூற்றறுபதாகி, முந்நூற்றிருபதாகிறது. ஊசியில் இடம் போதாமல் நாலாவது மாடி வருவதற்குள் கண்ணிகள் வழுக்கி விழுகின்றன. படத்தில் இருப்பது ரோஜா. என் மடியில் இருப்பது காலிஃபிளவர். பிழை என் கையிலா, தங்கள் பக்கத்திலா என்று தெரிவித்தால் நிம்மதியாக இருப்பேன்."

கடிதத்தில் ஒரு சந்திப்பிழைகூட இல்லை என்பதைத்தான் அக்கா முதலில் கவனித்தாள். அப்படிப்பட்ட மனிதர் தப்புச் சொல்ல மாட்டார் என்று தோன்றியது.

ஆசிரியர் மாடிக்குக் கூப்பிட்டார். அவர் கையில் தொலைபேசி இருந்தது, மறுமுனையில் கலைமணியம்மா. குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நான் எழுதினது நூத்துக்கு நூறு சரி. உங்க ஆளுங்கதான் நடுவுல கை வெச்சிருப்பாங்க. அச்சுப்பிழைன்னு ஒரு வரி போட்டுடுங்க, முடிஞ்சுது."

அக்கா கீழே போய், அலமாரியைத் திறந்து, கலைமணியம்மாவின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். நீல மையில் கொட்டை எழுத்தில் 'ஒரு கண்ணியை இரண்டாக' என்றுதான் இருந்தது.

ஆசிரியர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தொலைபேசியை மெல்ல வைத்தார்.

"சரி. தப்பு இதுலயே இருக்கு. அப்போ அதை நீங்கதானே கண்டுபிடிச்சிருக்கணும்?"

"கருத்தைப் பாக்காதேன்னு எழுத்துல குடுத்திருக்கீங்களே சார்."

"அது கதைக்கும்மா. பூவுக்கு இல்ல." பேனாவை மேஜையில் தட்டினார். "கலைமணியம்மா பேர் கெட்டா இதழ் பேர் கெடும். உங்க பேர் கெட்டா யாருக்குத் தெரியப் போகுது? உங்க பேரைத்தான் நாம போடறதே இல்லையே. திங்கக்கிழமைக்குள்ள 'அச்சுப்பிழைக்கு வருந்துகிறேன்'னு ஒரு கடிதம் குடுத்துடுங்க."

அக்கா படியிறங்கும்போது விளக்கு எப்படி ஆடியது என்று பார்க்க அறையில் யாரும் இல்லை. ரோஜா காலிஃபிளவரானதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் 'அச்சுப்பிழை' என்ற சொல்லை இருபத்திரண்டு வருஷமாகத் தன் வாசற்படி மிதிக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள். இப்போது அதை அவளே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே நூல்கடைக்குப் போனாள். வேட்டியா, புடவையா, பேனாவா என்று எதை வாங்கும்போதும் பத்துக் கடை ஏறி இறங்குகிறவள், முதல் கடையிலேயே நின்றுவிட்டாள், ஏனென்றால் கடைக்காரம்மா அவளைக் கண்டதுமே, "ரோஜாதானே?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ஒரு மாசமா யார் வந்தாலும் ரோஜாதான். முதல்ல ஒரு உருண்டை வாங்கிட்டுப் போவாங்க. மறுநாள் ரெண்டாவது. அப்புறம் மூணாவது. அந்தப் பக்கத்த எழுதின மகராசி நல்லா இருக்கணும்."

"அதுல ஏதாவது தப்பு இருக்கா?"

கடைக்காரம்மா தெருவைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். "ஒண்ண ரெண்டாக்கக் கூடாது, ரெண்ட ஒண்ணாக்கணும். ரெண்டு கண்ணியச் சேத்துப் பின்னினா அடிப்பக்கம் குறுகும், அப்பத்தான் மேல்பக்கம் இதழ் மாதிரி சுருளும். ஊசி பிடிச்ச யாருக்கும் இது தெரியும்."

"அப்போ வர்றவங்ககிட்டச் சொல்லலாமே?"

"கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கலியே. தலைவலி மாத்திரை விக்கிறவன் 'தண்ணி குடி, போயிடும்'னு தானா வந்து சொல்லுவானா?" என்ற கடைக்காரம்மாவுக்கே லேசாக வெட்கம் வந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காரு, சொல்லித் தர்றேன்" என்றாள்.

ஊசியில் ஏற்றுகிற நூல் வளையத்துக்குத்தான் கண்ணி என்று பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறாள், தொட்டது அன்றுதான். முதல் பத்துக் கண்ணி ஏற்றுவதற்குள் விரல் மரத்துப்போயிற்று. 'பத்தே நிமிடத்தில்' என்ற தலைப்பை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

சனிக்கிழமை முழுக்க வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அச்சில் இருந்தபடியே ஓர் எழுத்து மாறாமல் பின்னினாள். அவளுக்கு அது வழக்கமான வேலைதான்: பிரதி எப்படியோ அப்படி. நூற்றறுபதில் ஊசி நிரம்பியது. முந்நூற்றிருபதில் கண்ணிகள் பேருந்துப் படியில் தொங்குகிறவர்கள்போல நுனியில் தொங்கின. முடித்துச் சுருட்டித் தைத்ததும், உள்ளங்கையில் அடங்காமல் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

கணவர் பணியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "என்ன இது? மூளையா?"

"ரோஜா."

"சரி, மூளை யாரோடது?"

அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவதைத் தொடங்கினாள். எண்பது கண்ணி, ஆறு வரிசை. அப்புறம் இரண்டை ஒன்றாகச் சேர்த்து நாற்பது. மறுபடி சேர்த்து இருபது. நூலைக் கட்டி முடித்து ஊசியை உருவியபோது, அந்தப் பட்டை யாரும் சொல்லாமலே தானாக ஓரம் மடங்கியது. ஒரு முனையிலிருந்து சுருட்டச் சுருட்ட இதழ்மேல் இதழாக வந்தது. அடியில் நாலு தையல் போட்டாள். சிறிய ரோஜா. இடப்பக்கத்து இதழ் ஒன்று மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கைபட்டு இதுவரை எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் வெளியே போயிருக்கின்றன. ஒன்றிலும் அவள் சேர்த்தது ஒற்றெழுத்துக்கு மேல் இல்லை. இது மட்டும் முழுசும் அவளுடையது, துருத்திய இதழ் உட்பட. சரிசெய்யக் கை போயிற்று. வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அவள் ஒரு பிழையைத் தெரிந்தே விட்டது அதுதான் முதல் தடவை. கணவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

திங்கட்கிழமை இரண்டு பூக்களையும் காகிதப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். ஆசிரியர் அறையில் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு கட்டுக் கடிதம்.

"பாருங்க, முப்பத்தினாலு பாராட்டு! 'ஆஹா, படத்தில் இருப்பது போலவே வந்தது', 'பத்து நிமிடம்கூட ஆகவில்லை', 'என் நாத்தனார் பொறாமையில் பேச்சை நிறுத்திவிட்டார்'. இத்தனை பேருக்குச் சரியா வந்திருக்கே! அந்த லிஃப்ட்டுக்காரனுக்குத்தான் கை சரியில்ல."

"இவங்கள்ல ஒருத்தரும் செஞ்சிருக்க மாட்டாங்க சார். செஞ்சா எப்படி வரும்னு கொண்டு வந்திருக்கேன்" என்று அக்கா பையைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு முதலாளியம்மா உள்ளே வந்தார். இதழின் உரிமையாளருடைய மனைவி. மாதம் ஒருமுறை வந்து திரைச்சீலைகளைக் குறை சொல்லிவிட்டுப் போவார். அன்று அவர் இடது தோளில், காதை உரசிக்கொண்டு, இளஞ்சிவப்பில் ஒரு முழுக் காலிஃபிளவர் உட்கார்ந்திருந்தது. பாரம் தாங்காமல் அந்தத் தோள் சற்று இறங்கியே இருந்தது.

"நாற்பத்திரண்டாம் பக்கம்" என்றார் பெருமையாக. "பத்து நிமிஷம்னு போட்டிருந்தீங்க. எனக்கு நாலு நாள் ஆச்சு. எப்படி இருக்கு?"

ஆசிரியர் எழுந்தேவிட்டார். "அம்மா, தோட்டத்துலேர்ந்து அப்படியே பறிச்ச மாதிரி இருக்கு!"

அது பொய் இல்லை. எந்தத் தோட்டம் என்றுதான் அவர் சொல்லவில்லை.

முதலாளியம்மாவின் பார்வை அக்காவின் கையில் இருந்த பெரியதன்மேல் விழுந்தது. "அடடே, நீங்களும் செஞ்சிருக்கீங்களா? பிரமாதம்!" என்று கன்னத்தைத் தட்டாத குறையாகப் பாராட்டினார். பிறகு சிறியதைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது. "இது என்ன பாவம், நூல் தீர்ந்துபோச்சா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஆசிரியர் மேஜைக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் கூப்பினார், முதலாளியம்மாவுக்குத் தெரியாமல். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அறையிலேயே போட்டி அறிவிக்கப்பட்டுவிட்டது. 'மாபெரும் கம்பளி மலர்ப் போட்டி': பூ எவ்வளவு பெரிசோ பரிசும் அவ்வளவு பெரிசு. மூன்று வாரம் கழித்து ஒரு வாடகை மண்டபத்தில் நீள மேஜைகளைப் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு காலிஃபிளவர்களை வரிசையாக அடுக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மொத்த விலைச் சந்தை மாதிரி இருந்தது. கலைமணியம்மா மேடையில் செய்து காட்டுவார் என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள்.

கலைமணியம்மா வலது மணிக்கட்டில் கட்டோடு வந்து இறங்கினார்.

"சுளுக்கு" என்றார். "காலைலேர்ந்து உயிர் போகுது. நான் விளக்கம் சொல்றேன், யாராவது பின்னட்டும்."

ஆசிரியர் கூட்டத்தைப் பார்த்தார். அலுவலகத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் என்று அவருக்குத் தெரிந்தது ஒருத்திதான். அக்காவிடம் வந்து, "நீங்க ஏறுங்க. அந்த வருத்தக் கடிதத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கடிதத்தை அவர் இன்னும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்காவின் பையில் ஆறு வரிசை முடித்த பின்னல் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் மதிய இடைவேளையில் அவள் கை சும்மா இருப்பதில்லை. அதோடு மேடையேறினாள். ஒலிபெருக்கி கலைமணியம்மா கையில். ஊசி அக்கா கையில்.

"இப்போ ஒரு கண்ணியை ரெண்டாக்கறோம்" என்றார் கலைமணியம்மா.

அக்காவின் ஊசி இரண்டு கண்ணிகளுக்குள் ஒரே தடவை நுழைந்து ஒன்றாக வெளியே வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள். தப்பாகப் பின்னக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

"மறுபடியும் ரெண்டாக்கறோம். பாருங்க, எப்படி விரியுதுன்னு!"

ஊசியில் நாற்பது இருபதாகிச் சுருங்கியது. கலைமணியம்மா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைமணியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கட்டி முடித்து, சுருட்டி, தைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மேஜைகளில் இருந்தவற்றுக்கும் அந்தக் கையில் இருந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரிந்தது. கலைமணியம்மாவும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பதினொரு வருஷ அனுபவம் கைகொடுத்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னபடி அப்படியே வந்திருக்கு!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முதலாளியம்மாவும் தட்டினார், தோளில் இருந்த பூ ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை தலையாட்டியது.

கூட்டம் கலையும்போது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார். அறுபது வயதிருக்கும்.

"அம்மா, நீங்க அவங்க சொன்னபடி செய்யல" என்றார் தணிந்த குரலில். "குறைச்சீங்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். எண்பது, நாப்பது, இருபது."

"லிஃப்ட்டா?" என்றாள் அக்கா.

"ஆமாங்க." அவர் முகத்தில் இரண்டு மாதச் சுமை இறங்கியது தெரிந்தது. "அப்போ என் கையில தப்பில்ல, இல்லையா?"

"உங்க கையிலயும் இல்ல, உங்க கடிதத்துலயும் இல்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை யாருக்கும் வந்ததில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ரோஜாவைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்கு மேலே குத்திக்கொண்டு போனார்.

மறுவாரம் இதழின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'கம்பளி ரோஜா: ஒரு கண்ணியை இரண்டாக என்பதை இரண்டு கண்ணிகளை ஒன்றாக என்று படிக்கவும். பிழை கையெழுத்துப் பிரதியில் உள்ளது.' கடைசிப் பக்கத்தை அக்காவைத் தவிர அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை. ஆசிரியருக்கு அது இன்றுவரை தெரியாது. நூல்கடைக்காரம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. "ஏம்மா, நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்று ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அவளே ஊசிக்கு விலை குறைத்துக் கொடுத்தாள்.

கலைமணியம்மாவுக்கு அந்த வருஷம் இன்னொரு பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டமளிப்பு விழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். மதிய இடைவேளையில் மேஜை விளக்கு ஆடவில்லை, யாரும் மேலே ஏறவில்லை. ஆனால் அறைக் கதவு திறந்தது. கலைமணியம்மா உள்ளே வந்து, குனிந்து, இடிக்கிற பக்கத்தில் தலையை இடித்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். மணிக்கட்டில் கட்டு இல்லை. கைப்பையிலிருந்து இரண்டு புது ஊசிகளும் விலைச்சீட்டு ஒட்டிய நூல் உருண்டையும் வெளியே வந்தன.

"மருமக கேக்கறா" என்றார், அக்காவைப் பார்க்காமல். "செஞ்சு காட்டுங்க அத்தைன்னு. மூணு மாசமா சுளுக்குன்னு சொல்லிட்டிருக்கேன். இனிமே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுவா."

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். சொல்ல வேண்டியது அவளிடம் நிறைய இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஓரத்தில் போட்ட கேள்விக்குறிகள் அத்தனையும் இருந்தன. எதிரே இருந்த அம்மாளோ ஊசிகளைப் பேனா பிடிப்பதுபோல இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்கம்மா" என்று பழைய இதழ்க் கட்டு ஒன்றைத் தள்ளிப் போட்டாள். "முதல்ல ஒண்ணை அந்தக் கைக்கு மாத்துங்க. ம், இப்போ நூலை விரல்ல சுத்துங்க."

"எத்தனை ஏத்தணும்?"

"எண்பது. நீங்கதானே எழுதினீங்க?"

கலைமணியம்மா எண்ணத் தொடங்கினார். ஏழுக்கு அடுத்து ஒன்பது வந்தது. அக்கா அதைத் திருத்தாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவர் பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.